பத்மநாபபுரம் அரண்மனை: திங்கட்கிழமைப் பூட்டும் வெறுங்கால் நடையும்

கன்னியாகுமரிக்கு வார இறுதியில் வரும் குடும்பங்கள் பெரும்பாலும் ஒரே கணக்கோடுதான் வருகின்றன. சனிக்கிழமை இரவு வந்து சேர்வது, ஞாயிறு அதிகாலை சூரிய உதயம், பிறகு விவேகானந்தர் பாறை, மாலையில் சுசீந்திரம். திங்கட்கிழமை ஊர் திரும்புகிற வழியில் தக்கலையில் இறங்கி பத்மநாபபுரம் அரண்மனையையும் பார்த்துவிடலாம் என்று நினைப்பார்கள். கணக்கு தப்புவது அந்தக் கடைசி இடத்தில்தான், ஏனென்றால் திங்கட்கிழமை அரண்மனைக்கு விடுமுறை. எழும்பூர் அருங்காட்சியகம் வெள்ளிக்கிழமை மூடியிருக்கும் என்று தெரிந்து வைத்திருப்பவர்கள்கூட இங்கே ஏமாந்து நிற்பதுண்டு.

காரணம் 1956-இல் இருக்கிறது. மொழிவழி மாநிலப் பிரிப்பில் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து, நவம்பர் 1 அன்று அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. அதுதான் இன்றைய கன்னியாகுமரி மாவட்டம். கல்குளம் தாலுகாவுக்குள் இருக்கும் அரண்மனையின் நிர்வாகம் மட்டும் கேரளத்திடமே நின்றுவிட்டது. மண் தமிழ்நாட்டுடையது, பஸ் தமிழ்நாட்டுடையது, டிக்கெட் கிழித்துக் கொடுப்பது கேரளத் தொல்லியல் துறை. அதனால் எந்த நாள் திறப்பு, எந்த நாள் பூட்டு என்பதற்குக் கேரள அரசின் நாட்காட்டியைத்தான் பார்க்க வேண்டும். ஓணத்தையொட்டி வருகிறவர்களும் கேரளத்தில் பள்ளி விடுமுறை விடும் வாரங்களில் வருகிறவர்களும் இதை மறக்கக் கூடாது. நம் பக்கம் சாதாரண வேலை நாளாக இருக்கும். அங்கே டிக்கெட் வரிசை மதில் வரை நீண்டிருக்கும்.

நேரமும் அப்படித்தான். காலை 9 மணிக்குத் திறக்கிறார்கள், மதியம் 1 மணிக்கு இடைவேளை விட்டு 2 மணிக்கு மறுபடி திறக்கிறார்கள். மாலையில் டிக்கெட் கொடுப்பதைக் கதவடைப்புக்கு முன்பே நிறுத்திவிடுவார்கள். குடும்பத்தோடு போகிறவர்களை அதிகம் படுத்துவது இந்த மதிய இடைவெளிதான். 12 மணிக்குப் போய்ச் சேர்ந்தால், பாதி அரண்மனையில் இருக்கும்போதே ஊழியர்கள் அவசரப்படுத்துவார்கள். 1 மணிக்குப் போனால் பசித்த குழந்தைகளோடு வாசலில் ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். காலை 9 மணிக்கே வாசலில் நிற்பதுதான் ஒரே நல்ல வழி. கன்னியாகுமரியிலிருந்து சுமார் 35 கிலோமீட்டர், நாகர்கோவிலிலிருந்து சுமார் 15, தூரம் பெரிதில்லை. ஆனால் நாகர்கோவில்–தக்கலை சாலையில் காலை நெரிசல் உண்டு என்பதால் தூரத்தை மட்டும் பார்த்து நேரம் கணிக்காதீர்கள். பஸ்ஸில் என்றால் நாகர்கோவில் வடசேரி நிலையத்தில் மார்த்தாண்டம், திருவனந்தபுரம் பக்கம் போகும் எதிலும் ஏறித் தக்கலையில் இறங்கி ஆட்டோ பிடிக்கலாம். திருவனந்தபுரம் பக்கமிருந்து ரயிலில் வருகிறவர்கள் நாகர்கோவில் வரை போகாமல் இரணியல் நிலையத்திலேயே இறங்கிக்கொள்ளலாம், ஆனால் எல்லா ரயிலும் அங்கே நிற்பதில்லை.

அரண்மனை என்றதும் நம் மனதில் எழுவது மதுரை திருமலை நாயக்கர் மகால்தான்: வானளாவிய தூண்கள், பெரிய முற்றம், சுதை வேலை. அதே எதிர்பார்ப்போடு இங்கே வருகிற பிள்ளைகளுக்கு முதல் பத்து நிமிடம் ஏமாற்றமாக இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் சரிந்த ஓட்டுக் கூரையும் மர முகப்பும் கொண்ட பெரிய தறவாட்டு வீடு (கேரளத்துப் பரம்பரைக் குடும்ப வீடு) மாதிரிதான் தெரியும். உண்மையும் அதுதான். இது ஒரே மூச்சில் கட்டிய மாளிகை அல்ல. இருந்த வீட்டோடு தலைமுறை தலைமுறையாகச் சேர்த்துக்கொண்டே போன கட்டடத் தொகுதி, சுமார் ஆறரை ஏக்கர். உள்ளே மிகப் பழைய பகுதி தாய்க் கொட்டாரம் என்கிற நாலுகெட்டு வீடு, அதாவது நடுமுற்றத்தைச் சுற்றி நான்கு கட்டு உள்ள வீடு. 1601 வாக்கில் இரவிவர்ம குலசேகரப் பெருமாள் காலத்தில் அரண்மனை உருவெடுத்தது என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. பிறகு திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மர் (ஆட்சி 1729–1758) அதைப் பெரிதாக்கி, சுற்றியிருந்த கோட்டையைக் கல்லால் பலப்படுத்தி, கல்குளம் என்ற பெயரையும் பத்மநாபபுரம் என்று மாற்றினார். 1795-இல் திருவிதாங்கூரின் தலைநகர் இங்கிருந்து திருவனந்தபுரத்துக்குப் போனது. ஒரு வகையில் அதுதான் இந்த மர வீட்டைக் காப்பாற்றியது. ராஜாக்கள் இங்கேயே இருந்திருந்தால் 19-ஆம் நூற்றாண்டில் பாதியை இடித்து ஐரோப்பிய பாணியில் மாளிகை எழுப்பியிருப்பார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 2014-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இந்த அரண்மனை சேர்க்கப்பட்டது.

இது மர வீடு என்பதைப் புரிந்துகொண்டால் உள்ளே இருக்கும் விதிகளெல்லாம் தானாகப் புரியும். முதல் விதி, செருப்பை வாசலிலேயே விட வேண்டும். கோவில் என்பதால் அல்ல, தரைக்காக. மந்திரசாலை (ராஜாவின் ஆலோசனை மண்டபம்), நவராத்திரி மண்டபம் போன்ற இடங்களின் கறுப்புத் தரை கண்ணாடி போல மின்னும். சுண்ணாம்பு, சுட்ட சிரட்டைக் கரி, முட்டை வெள்ளைக் கரு, செடிச் சாறுகள் எல்லாம் சேர்த்து அரைத்துப் பூசித் தேய்த்த தரை என்று சொல்கிறார்கள். சுண்ணாம்புப் பூச்சுத் தரையின் பளபளப்பு மேலே ஒரு மெல்லிய படலம் மட்டுமே. செருப்படியில் ஒட்டிக்கொண்டு வரும் மணல் துகள் அதைக் கீறும். நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கானோர் நடந்தால் சில வருடங்களிலேயே பளபளப்பு போய்விடும். கீறல் விழுந்தால் சிமென்ட் வைத்து ஒட்டவும் முடியாது.

சரி, வெறுங்கால் நடை என்றால் என்னென்ன பிரச்சினை? முற்றங்களில் கருங்கல் பாவிய பகுதிகள் 11 மணிக்கு மேல் சுடும். குழந்தைகள் துள்ளுவார்கள், பெரியவர்கள் நிழலுக்கு ஓடுவார்கள். 9 மணிக்கு வரச் சொல்வதற்கு இது இன்னொரு காரணம். சூட்டுக்குப் பயந்து காலுறை போடுவது வேறு ஆபத்தில் கொண்டுபோய் விடும். மின்னும் தரையிலும் தேய்ந்த மரப் படியிலும் நூல் காலுறை வழுக்கும், முக்கியமாக இறங்கும்போது. மழைக்காலத்தில் வெறுங்காலே வழுக்கும். இந்த மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. ஜூன் தொடங்கி நவம்பர் வரை எந்த நாளும் மழை நாளாகலாம். கால் துடைக்க ஒரு சிறிய துண்டு பையில் இருந்தால் போதும்.

இரண்டாவது சங்கதி படிக்கட்டு. மந்திரசாலை மாடியில் இருக்கிறது. அதற்கு ஏறும் மரப்படி குறுகலானது, செங்குத்தானது. வாசல் நிலைகள் தாழ்வானவை, ஆறடி ஆட்கள் குனிந்துதான் போக வேண்டும். தலை இடித்துக்கொள்வது பெரும்பாலும் உள்ளே நுழையும்போது அல்ல. திரும்பி யாரையாவது கூப்பிட்டுக்கொண்டே வெளியே வரும்போது. குழந்தையைத் தள்ளுவண்டியில் கொண்டுபோக வழியே இல்லை. இடுப்பில் வைத்துக்கொள்ளலாம், இல்லையென்றால் மார்போடு கட்டிக்கொள்ளும் பட்டை நல்லது. முதுகில் மாட்டும் வகை வேண்டாம். தாழ்ந்த நிலையில் நீங்கள் குனிந்து தப்பித்தாலும் பின்னால் இருக்கும் குழந்தையின் தலை இடிக்கும்.

பாட்டி தாத்தாவோடு போகிறவர்கள் வாசலிலேயே ஒரு முடிவு எடுக்க வேண்டும். பார்வையாளர் பாதை ஒருவழி. நடுவில் முழங்கால் வலித்தால் வந்த வழியே திரும்புவது கடினம், பின்னால் ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். முட்டி வலி உள்ளவர்களை முதலிலேயே ஊழியரிடம் சொல்லி, தரைத்தளத்தில் பார்க்க முடிந்த பகுதிகளுக்கு மட்டும் அழைத்துப்போவது நல்லது. பூமுகம் என்கிற முன்கூடமும் நவராத்திரி மண்டபமும் படியேறாமல் பார்க்கத் தகுந்த இரண்டு அருமையான இடங்கள். மதிலுக்குள்ளேயே தனிக் கட்டடத்தில் ஓர் அருங்காட்சியகமும் இருக்கிறது. கற்சிலைகள், மரச்சிற்பங்கள், கல்வெட்டுகள் அங்கே உள்ளன. மற்றவர்கள் மாடிகளைச் சுற்றி வரும்வரை அங்கே நிதானமாகப் பார்த்துக்கொண்டிருக்கலாம். கழிப்பறைக்கு நுழைவுக்கு முன்பே எல்லோரையும் அனுப்பிவிடுங்கள், நடைவழியில் எதிர்பார்க்க வேண்டாம். சுற்றி முடிக்க ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் ஆகும்.

இனி உள்ளே என்ன பார்ப்பது. பெரும்பாலானோர் பூமுகத்தை இரண்டு நிமிடத்தில் கடந்துவிடுகிறார்கள், என்னைக் கேட்டால் கால் மணி நேரமாவது நிற்க வேண்டிய இடம் அது. ராஜா வந்தவர்களைச் சந்தித்த முன்கூடம். தலையை அண்ணாந்து மரக்கூரையைப் பாருங்கள். 90 பூக்கள் செதுக்கியிருக்கிறார்கள், ஒன்று போல் இன்னொன்று இல்லை என்பார்கள். பிள்ளைகளை அதைச் சோதிக்கச் சொல்லுங்கள்: ஒரே மாதிரி இரண்டு பூ கண்டுபிடித்தால் ஒரு ஐஸ்கிரீம். கூரையிலிருந்து தொங்கும் குதிரைக்காரன் விளக்கையும் கவனியுங்கள். எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் அந்தப் பக்கமே நிற்கும் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். சாதாரணச் சங்கிலியில் தொங்கும் விளக்கைத் திருப்பினால் முறுக்கு பிரிந்து பழைய இடத்துக்கே வந்துவிடும். இந்தச் சங்கிலியின் கண்ணிகளைக் கோத்த விதம் வேறு. பக்கத்தில் சீன வணிகர்கள் கொடுத்ததாகச் சொல்லும் இருக்கையும், வழவழப்பாக இழைத்த கருங்கல் கட்டிலும் உண்டு. கட்டிலைத் தொட விடமாட்டார்கள். ஆனால் மார்ச் மாத வெயிலில் வந்து நிற்கிறவருக்குக் கல்லில் கட்டில் செய்தது ஏன் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

மந்திரசாலைக்குள் நுழைந்ததும் எதுவும் தெரியவில்லை என்று செல்போன் டார்ச்சைத் தட்டாதீர்கள். ஒரு நிமிடம் அப்படியே நில்லுங்கள், கண் பழகும். ஜன்னல்கள் சரிந்த மரச் சட்டங்களால் ஆனவை. காற்று உள்ளே வரும், வெயிலின் கூச்சம் வராது. உள்ளே இருப்பவருக்குக் கீழே போகிறவர் தெரிவார், கீழே போகிறவருக்கு உள்ளே இருப்பவர் தெரியமாட்டார். ஆலோசனை மண்டபத்துக்கு இதைவிட என்ன வேண்டும்? சில ஜன்னல்களில் வண்ண அப்பிரக (மைக்கா) தகடுகள் பதித்திருக்கிறார்கள். வெயில் ஏறும்போது தரையில் நிறம் விழும். வெளியே வெயில் கொளுத்தும்போது இங்கே குளிர்ச்சியாக இருப்பதற்கும் இதே ஏற்பாடுதான் காரணம். சரிந்த கூரைக்கும் மரத் தட்டுக்கும் நடுவில் ஒரு வெற்றிடம் இருக்கிறது, சூடு அங்கேயே தங்கிவிடும். தாழ்ந்து இறங்கும் இறவாரம் சுவரில் வெயில் படாமல் காக்கும். முற்றங்கள் காற்றை இழுத்துக் கொடுக்கும். ஜன்னலோரம் கை வைத்துப் பார்த்தால் காற்று வரும் திசை தெரியும். பள்ளியில் பௌதிகம் படிக்கும் பிள்ளைக்கு இந்த அறை ஒரு பாடம்.

ஊட்டுப்புரை பெரிய சாப்பாட்டுக் கூடம். இரண்டு தளமும் சேர்த்து ஒரே நேரத்தில் சுமார் 2,000 பேருக்குச் சோறு போட்டார்கள் என்கிறார்கள். ஆள் உயரத்துக்குச் சற்றே குறைந்த ஊறுகாய்ப் பரணிகள் (ஜாடிகள்) பிள்ளைகளுக்குப் பிடிக்கும். தாய்க் கொட்டாரத்தில் ஏகாந்த மண்டபத்தில் இருக்கும் பலா மரத் தூணைத் தவறவிடாதீர்கள். ஆயுதச்சாலை, சந்திரவிலாசம் எல்லாம் நடந்துகொண்டே பார்த்துவிடலாம்.

உப்பரிகை மாளிகைக்கு மட்டும் பின்னணி தெரிந்து போவது நல்லது. நான்கு தளம்: கீழே கருவூலம், அதன் மேல் ராஜாவின் படுக்கையறை, உச்சியில் சுவரோவியங்கள் நிறைந்த பூசையறை. படுக்கையறையில் இருப்பது 64 வகை மூலிகை மரங்களால் செய்ததாகச் சொல்லப்படும் கட்டில். கூட்டம் எல்லாம் இந்தக் கட்டிலைச் சுற்றித்தான். ஆனால் இந்தக் கட்டடத்தின் அர்த்தம் உச்சித் தளத்தில் இருக்கிறது. 1750 ஜனவரியில் மார்த்தாண்ட வர்மர் நாட்டையே திருவனந்தபுரம் பத்மநாப சுவாமிக்கு எழுதிக்கொடுத்து, தன்னைப் பத்மநாபதாசன் என்று அழைத்துக்கொண்டார். அதை மனதில் வைத்துப் பார்த்தால் ராஜாவின் கட்டில் ஏன் நடுத் தளத்தில் இருக்கிறது, எல்லாவற்றுக்கும் மேலே ஏன் சாமி அறை என்பது விளங்கும். சுவரோவியங்கள் உள்ள தளத்துக்குப் பொதுவாக விடுவதில்லை. ஆள் மூச்சின் ஈரமும் கை படுவதும் இயற்கை வண்ணங்களுக்குப் பகை. அதற்காக ஊழியரோடு வாக்குவாதம் செய்து பயனில்லை.

அறைக்கு அறை நிற்கும் வழிகாட்டிகளைப் பற்றி ஒரு சொல். அவர்கள் அரண்மனை ஊழியர்கள்தான், தனியாக அமர்த்த வேண்டியதில்லை. தமிழிலும் மலையாளத்திலும் சொல்வார்கள். பெரிய பஸ் கூட்டம் வந்துவிட்டால் ஒப்பிப்பது போல நாலு வரி சொல்லி நகர்த்திவிடுவார்கள். கூட்டம் கடந்த பிறகு ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள், பதில் வேறு தரத்தில் வரும். படையில் சேர வந்தவர்கள் ஒரு கனத்த கல்லை 101 முறை தூக்க வேண்டும் என்பது போன்ற கதைகளையும் அவர்களே சொல்வார்கள். கல் அங்கேதான் கிடக்கிறது, கதையை எவ்வளவு நம்புவது என்பது உங்கள் பாடு.

நவராத்திரி மண்டபத்தை ஒட்டி இருப்பது தேவாரக்கெட்டு சரஸ்வதி கோவில். அங்குள்ள சரஸ்வதி கம்பர் வழிபட்ட மூர்த்தி என்பது இந்தப் பக்கத்து நம்பிக்கை. தலைநகர் மாறிய பிறகு நவராத்திரி விழாவும் திருவனந்தபுரத்துக்குப் போனதால், ஒவ்வோர் ஆண்டும் இந்தச் சரஸ்வதியும் வேளிமலைக் குமாரசுவாமியும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் ஊர்வலமாக அங்கே போய்த் திரும்புகிறார்கள். புறப்படும் நாளில் உப்பரிகை மாளிகையில் உடைவாள் கைமாறும் சடங்கு நடக்கும், இரு மாநில அமைச்சர்களும் வருவார்கள். ஊர்வலம் பார்க்க ஆசையிருந்தால் அந்த நாளில் போங்கள். வீட்டை நிதானமாகப் பார்க்க வேண்டுமானால் அந்த நாளைத் தவிர்த்துவிடுங்கள், இரண்டும் ஒன்றாக நடக்காது. நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடுவரை சபரிமலைப் பருவம். ஐயப்ப பக்தர்களின் பஸ்களும் வேன்களும் இந்தச் சாலை முழுக்க. டிசம்பர், ஜனவரியில் பள்ளிச் சுற்றுலாக்கள் வேறு. செவ்வாய், புதன், வியாழன் காலைகள்தான் ஆண்டு முழுக்கப் பாதுகாப்பானவை. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் சாரலும் இருந்தால் கூட்டம் இன்னும் குறையும், ஓடு நனைந்து இந்த வீடு பார்க்க மிக அழகாக இருக்கும்.

11 மணிக்கு வெளியே வந்துவிட்டால் மிச்ச நாளில் என்ன செய்வது? திற்பரப்பு அருவி, திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள், மாத்தூர் தொட்டிப்பாலம், முட்டம் கடற்கரை என்று வேன் டிரைவர்கள் நான்கு இடம் சொல்வார்கள். எல்லாவற்றையும் பார்க்கக் கிளம்பினால் எதையும் பார்த்ததாக இருக்காது. இரண்டு போதும்.

ஒன்று, இரண்டு கிலோமீட்டரில் புலியூர்க்குறிச்சியில் இருக்கும் உதயகிரிக் கோட்டை. அரண்மனையில் கேட்ட கதையின் மறுபாதி இங்கே இருக்கிறது. 1741-இல் குளச்சலில் டச்சுக்காரர்களை மார்த்தாண்ட வர்மரின் படை தோற்கடித்தது. பிடிபட்ட டிலனாய் என்கிற அதிகாரி பிறகு அதே மார்த்தாண்ட வர்மரின் படைக்குப் பயிற்சி கொடுத்து, தளபதியாக உயர்ந்து, 1777-இல் இறந்தார். கோட்டைக்குள் கூரை போன தேவாலயத்தில் அவர் கல்லறை இருக்கிறது. கல்வெட்டு லத்தீனிலும் தமிழிலும். 2022-இல் புனிதராக அறிவிக்கப்பட்ட தேவசகாயம் பிள்ளை கிறிஸ்தவ மதத்துக்கு வந்ததும் இந்த டிலனாய் மூலமாகத்தான். கோட்டை இப்போது வனத்துறைப் பூங்கா. காலை முழுக்க ‘தொடாதே, ஓடாதே’ கேட்ட பிள்ளைகள் இங்கே மரநிழலில் ஓடலாம், அதற்காகவே இதை அரண்மனைக்கு அடுத்து வைக்க வேண்டும். கொசு உண்டு, முழுக்கால் உடை நல்லது.

சாப்பாட்டுக்குத் தக்கலைக்கு வந்துவிடுங்கள். அரண்மனைக்குள் எதுவும் சாப்பிட முடியாது, வாசல் கடைகளில் இளநீரும் ஏத்தங்காய் சிப்ஸும்தான். மட்டி என்கிற சின்ன வாழைப்பழம் கிடைத்தால் வாங்குங்கள். விரல் நீளம்தான் இருக்கும், வாசம் தூக்கும், ஆனால் ஊர் வரை தாங்காது, வேனிலேயே தீர்த்துவிட வேண்டும்.

மற்றொன்று மாத்தூர் தொட்டிப்பாலம், மாலை 4 மணிக்கு மேல். பறளியாற்றின் குறுக்கே ஒரு மலையிலிருந்து எதிர் மலைக்கு வாய்க்காலைக் கொண்டுபோகும் பாலம். 1966-இல் கட்டி முடித்தார்கள். 384 மீட்டர் நீளம், 115 அடி உயரம், 28 தூண்கள். தொட்டியின் ஓரமாக இருக்கும் ஒடுக்கமான நடைபாதையில் எதிர்க்கரை வரை போகலாம். எதிரே ஆள் வந்தால் ஒதுங்கித்தான் போக வேண்டும். சின்னக் குழந்தையைத் தொட்டிப் பக்கமாக நடக்க வைத்துக் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். உயரம் என்றால் தலைசுற்றுகிறவர்கள் பாலத்தில் ஏற வேண்டாம், கீழே ஆற்றங்கரைக்குப் படி இறங்குகிறது. அங்கிருந்து அண்ணாந்து பார்ப்பதுதான் தூண்களின் அளவு புரியும் இடம். கால்வாயில் தண்ணீர் விடாத மாதங்களில் தொட்டி காலியாக இருக்கும், அருவி போலத் தண்ணீர் ஓடும் என்று பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.